உங்கள் கம்ப்யூட்டரில் உங்களுக்கே அனுமதி மறுக்கப்படுவது ஏன்?

1960களின் நடுவில் அமெரிக்காவின் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்த முதல் சிஸ்டங்களில் அதுவும் ஒன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. ஒரு நாள் பிற்பகல் லாகின் செய்தவர்களுக்கு வழக்கமாக வரும் அன்றைய அறிவிப்பு வரவில்லை. அதற்குப் பதிலாக அங்கே கணக்கு வைத்திருந்த எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாக டைப் ஆகி வந்தது.

யாரும் திருடவில்லை. சிஸ்டத்தைப் பராமரித்தவர்களில் ஒருவர் அறிவிப்பு ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் பாஸ்வேர்டு ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவரும் வேலை செய்தது சிஸ்டத்துக்கு உரிய ஒரே பொது ஃபோல்டரில். அவர்கள் பயன்படுத்திய எடிட்டர் தன் தற்காலிக ஃபைலுக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். அதனால் ஒன்றின் உள்ளடக்கம் மற்றதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. சிடிஎஸ்எஸ்ஸை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பட்டோ பின்னாளில் கம்ப்யூட்டர் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் இந்தச் சம்பவத்தை விவரித்திருக்கிறார்.

முழு அதிகாரம் உள்ள ஓர் இடத்தில் இரண்டு பேர் புழங்கினால், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமலே இவ்வளவு நடக்கலாம். அதன்பின் பலர் பகிர்ந்துகொள்ள வந்த சிஸ்டங்கள் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: இந்த ஃபைல் யாருடையது? அதை யார் என்ன செய்யலாம்?

சரி, அது பலர் பகிர்ந்துகொண்ட கம்ப்யூட்டர். என் லேப்டாப்பில் நான் ஒருவன்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வருகிறது? புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. இதற்கான பதில் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஃபைலைத் திறப்பது நீங்கள் இல்லை

ஒரு போட்டோவின் மேல் இரண்டு முறை கிளிக் செய்கிறீர்கள், படம் திறக்கிறது. நீங்கள் திறந்ததாகத் தோன்றும். உண்மையில் திறந்தது படம் பார்க்கும் புரோகிராம். அதுவும் நேராக டிஸ்க்கில் கை வைக்க முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் போய், 'இந்த ஃபைலைத் திறந்து கொடு' என்று கேட்க வேண்டும். கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது கெர்னல்தான்.

அந்தக் கெர்னலுக்கு உங்களைத் தெரியாது. கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமின் மேலும் ஒரு பயனர் எண் ஒட்டப்பட்டிருக்கும். நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்து லாகின் செய்ததும், உங்களுக்காகத் தொடங்கும் முதல் புரோகிராமில் உங்கள் எண் ஒட்டப்படுகிறது. அதிலிருந்து தொடங்கும் புரோகிராம்கள், அவை தொடங்கும் இன்னும் பல புரோகிராம்கள் எல்லாம் அதே எண்ணோடு பிறக்கின்றன. உபுண்டு லினக்ஸை நிறுவும்போது நீங்கள் உருவாக்கும் முதல் கணக்குக்குப் பொதுவாக 1000 என்ற எண் கிடைக்கும். பெயர் நாம் படிப்பதற்காக. கெர்னல் பார்ப்பது 1000 என்பதை மட்டும்.

ஆக, அனுமதி என்பது மனிதர்களுக்கு வைத்த கட்டுப்பாடு என்பதைவிட, மனிதர்களின் பெயரில் ஓடும் புரோகிராம்களுக்கு வைத்த கட்டுப்பாடு என்பதே சரி. நீங்கள் தனியாக இருக்கும் லேப்டாப்பில்கூட உங்கள் பெயரில் பிரவுசர் ஓடுகிறது, நேற்று டவுன்லோடு செய்த ஏதோ ஒரு புரோகிராம் ஓடுகிறது. வேறு எண்களில் பிரின்டருக்கான சேவை, நெட்வொர்க்கைக் கவனிக்கும் சேவை என்று இன்னும் பல ஓடுகின்றன. 'நான் ஒருவன்தானே' என்ற கணக்கு அங்கேயே தவறிவிடுகிறது.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. உங்கள் எண்ணில் ஓடும் எந்தப் புரோகிராமும் பொதுவாக நீங்கள் தொடக்கூடிய எல்லாவற்றையும் தொடலாம். கெட்ட புரோகிராம் ஒன்று உங்கள் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் பூட்டிவைத்துப் பணம் கேட்பதற்கு அட்மின் அதிகாரம், அதாவது கம்ப்யூட்டரையே நிர்வகிக்கும் கணக்கின் அதிகாரம், தேவையே இல்லை. அவை உங்களுடையவை, அந்தப் புரோகிராமும் உங்கள் பெயரில்தான் ஓடுகிறது. அட்மின் தடுப்பு காப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் மற்றவர்களையும். உங்கள் படங்களைக் காப்பது நீங்கள் தனியாக எடுத்து வைக்கும் பேக்கப்தான்.

உரிமையாளர், குழு, மற்றவர்

யூனிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வழிவந்த சிஸ்டங்களில், அதாவது லினக்ஸ், மேக் போன்றவற்றில், ஒவ்வொரு ஃபைலோடும் மூன்று தகவல்கள் சேர்ந்தே இருக்கும். அதன் உரிமையாளர் எண், அதன் குழு எண் (பயனர்கள் சிலரை ஒன்றாகச் சேர்த்தது குழு), அப்புறம் யார் என்ன செய்யலாம் என்ற ஒன்பது ஆம்-இல்லைகள். உரிமையாளருக்கு மூன்று, குழுவில் இருப்பவர்களுக்கு மூன்று, மற்ற எல்லோருக்கும் மூன்று. அந்த மூன்றும் படிக்க, எழுத, இயக்க என்பவை. கமாண்டுகளை டைப் செய்யும் டெர்மினலில் ஃபைல் பட்டியலை விரிவாகக் கேட்டால் ஆர், டபிள்யூ, எக்ஸ் என்ற எழுத்துகளாக வரிசையின் தொடக்கத்திலேயே தெரியும்.

இதையே எண்ணாகவும் எழுதுவார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம் (4+2), குழு படிக்க மட்டும் (4), மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாம், மற்ற இரு தரப்புக்கும் படிக்கவும் இயக்கவும். 600 என்றால் உரிமையாளரைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. கொஞ்ச நாள் பழகினால் எண்ணைப் பார்த்ததும் அர்த்தம் மனதில் ஓடும்.

கெர்னல் இதைச் சரிபார்க்கும் வரிசை முக்கியம். கேட்கும் புரோகிராமின் எண் உரிமையாளர் எண்ணோடு பொருந்தினால், உரிமையாளருக்கான மூன்றை மட்டும் பார்க்கும், அங்கேயே முடிவு. பொருந்தாவிட்டால்தான் குழு. அதுவும் இல்லாவிட்டால்தான் மற்றவர். அதனால் ஒரு விசித்திரமும் நடக்கலாம். உரிமையாளருக்குப் படிக்க அனுமதி இல்லை, மற்றவர்களுக்கு உண்டு என்று ஒரு ஃபைலை அமைத்தால், ஊரே அதைப் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் படிக்க முடியாது. 'மற்றவர்' என்பதில் உரிமையாளர் சேரமாட்டார்.

ஆனால் அந்த உரிமையாளருக்கு இன்னொரு வழி இருக்கிறது: அந்த ஒன்பது ஆம்-இல்லைகளை அவரே மாற்றிக்கொள்ளலாம். உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அனுமதி என்பது இப்போது என்ன செய்யலாம் என்பது. உரிமை என்பது அந்த அனுமதியை மாற்றும் அதிகாரம். சிஎச்மோட் என்ற கமாண்டு அனுமதியை மாற்றும். உரிமையாளரும் அட்மினும் அதைச் செய்யலாம். சிஎச்ஓன் என்ற கமாண்டு உரிமையாளரையே மாற்றும். லினக்ஸில் அதை அட்மின் அதிகாரம் இருந்தால்தான் செய்ய முடியும். என் ஃபைலை நான் இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். ஒருவருக்கு இவ்வளவு டிஸ்க் இடம்தான் என்று அளவு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில், என் பெரிய ஃபைல்களை எல்லாம் அடுத்தவர் கணக்கில் தள்ளிவிட்டு நான் கை கழுவிவிடலாம். அதனால்தான் தடை.

ஃபோல்டரில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

ஃபைலுக்குச் சொன்ன மூன்று சொற்களும் ஃபோல்டருக்கு வரும்போது வேறு வேலை செய்கின்றன. ஃபோல்டர் என்பது உள்ளுக்குள் ஒரு பெயர்ப் பட்டியல்; இந்தப் பெயருக்கு இந்த ஃபைல் என்ற பட்டியல். ஃபோல்டரைப் 'படிக்க' அனுமதி என்றால் அந்தப் பெயர்களைப் பார்க்கலாம். 'எழுத' அனுமதி என்றால் அந்தப் பட்டியலில் புதுப் பெயர் சேர்க்கலாம், இருப்பதை நீக்கலாம், மாற்றலாம். 'இயக்க' என்பதற்கு இங்கே அர்த்தம் 'உள்ளே நுழைந்து கடந்து போக'. பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் எழுதும் அனுமதியோடு இந்த நுழையும் அனுமதியும் வேண்டும்.

இதை வைத்து யோசித்தால், ஃபைலை அழிப்பது என்பது ஃபைலின் மேல் செய்யும் செயலே இல்லை என்பது தெரியும். அழிப்பது என்றால் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது. அதற்கு வேண்டியது ஃபோல்டரின் மேல் உள்ள அனுமதி. ஃபைல் அட்மினுக்கே சொந்தமாக இருந்தாலும், அதைத் திறந்து படிக்கக்கூட உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும், அது உங்கள் ஃபோல்டரில் இருந்தால் நீங்கள் அதை அழித்துவிடலாம். ஃபைலுக்கு 'யாரும் எழுதக்கூடாது' என்று போட்டுவிட்டு, இனி அது பத்திரம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அப்படியானால் எல்லோரும் எழுதக்கூடிய பொது ஃபோல்டரில் என்ன ஆகும்? லினக்ஸில் தற்காலிக ஃபைல்களுக்கென்று ஒரு டெம்ப் ஃபோல்டர் உண்டு. எல்லாப் புரோகிராமும் அங்கே எழுதும். இந்த விதிப்படி யார் வேண்டுமானாலும் யாருடைய ஃபைலையும் அங்கே அழிக்க முடிய வேண்டும். அதைத் தடுக்கத்தான் ஸ்டிக்கி பிட் என்ற பத்தாவது குறி. அந்தக் குறி இருக்கும் ஃபோல்டரில் ஃபைலின் உரிமையாளர், அந்த ஃபோல்டரின் உரிமையாளர், அட்மின் ஆகியோரைத் தவிர வேறு யாரும் பெயரை நீக்க முடியாது. டெம்ப் ஃபோல்டரின் அனுமதி 777 என்று இல்லாமல் 1777 என்று இருப்பதற்கு அந்த முன்னால் நிற்கும் 1 தான் காரணம்.

'நுழைய' என்ற அனுமதியும் அடிக்கடி தலைவலி தரும். ஒரு ஃபைலை எட்ட வேண்டுமானால் மேலிருந்து அதுவரை உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய அனுமதி வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடும். தன் ஹோம் ஃபோல்டருக்குள், அதாவது தன் கணக்குக்கென்று உள்ள ஃபோல்டருக்குள், ஒரு வெப்சைட்டை வைத்து வெப் சர்வரில் ஓடவிட முயல்பவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஃபைலுக்கு 644 போட்டிருப்பார்கள், யாரும் படிக்கலாம். ஆனாலும் அனுமதி இல்லை என்றே வரும். உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர் 750 என்றே உருவாகிறது; வெப் சர்வர் வேறு எண்ணில் ஓடுவதால் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. கோளாறு ஃபைலில் இல்லை, போகும் வழியில் இருக்கிறது.

பூஜ்யம் என்ற எண்

யூனிக்ஸில் அட்மினுக்கு ரூட் என்று பெயர். அவரைத் தனிப்படுத்துவது அந்தப் பெயர் இல்லை. அவருடைய எண் 0. ஒரு புரோகிராமின் மேல் 0 ஒட்டப்பட்டிருந்தால், இதுவரை சொன்ன சரிபார்ப்பு கிட்டத்தட்ட எதுவும் நடக்காது. வேறு பெயரில் ஒரு கணக்கு உருவாக்கி அதற்கு எண் 0 கொடுத்தால் அதுவும் ரூட்தான்.

எல்லா நேரமும் ரூட்டாக இருந்துவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். பிரவுசரும் 0, டவுன்லோடு செய்த புரோகிராமும் 0, தவறி விழுந்த ஒரு ஸ்பேஸால் கமாண்டு வேறு ஃபோல்டரைக் குறிப்பது தெரியாமல் அடித்த டிலீட்டும் 0. தடுக்க யாரும் இல்லை. ரூட் அதிகாரம் ஆபத்தானது என்பதற்குக் காரணம் அதைப் பயன்படுத்துபவர் மேல் உள்ள சந்தேகம் இல்லை. அவர் சார்பில் ஓடும் ஒவ்வொரு வரி புரோகிராமும் அதே அதிகாரத்தோடு ஓடும் என்பதுதான் காரணம்.

இங்கே ஒரு புதிர். லினக்ஸில் எல்லோருடைய பாஸ்வேர்டின் மறைவடிவமும் ஷேடோ என்ற ஃபைலில் இருக்கிறது. அது ரூட்டுக்குச் சொந்தம், சாதாரணப் பயனர் படிக்கக்கூட முடியாது. ஆனால் என் பாஸ்வேர்டை நானே மாற்றிக்கொள்ள முடிகிறது. எப்படி? யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு புரோகிராம் ஃபைலின் மேல் செட்யுஐடி என்று ஒரு குறி வைத்தால், அதை யார் இயக்கினாலும் அது இயக்கியவரின் எண்ணில் ஓடாமல் ஃபைலின் உரிமையாளரின் எண்ணில் ஓடும். பாஸ்வேர்டு மாற்றும் புரோகிராம் ரூட்டுக்குச் சொந்தம். அதன் மேல் இந்தக் குறி இருக்கிறது. கருவறைக்குள் நாம் போக முடியாது, அர்ச்சனைத் தட்டை அர்ச்சகர் கையில் கொடுக்கிறோம், அவர் உள்ளே போய் நம் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு வருகிறாரே, அந்த மாதிரி. உள்ளே போகும் உரிமை அவருக்கு. நடக்கும் காரியம் நம் பெயருக்கு மட்டும். இந்த யோசனைக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிறகு அது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது.

எனக்கு இது யூனிக்ஸின் மிக அழகான யோசனைகளில் ஒன்றாகப் படுகிறது. மிக ஆபத்தானவற்றில் ஒன்றும் இதுவே. அப்படிப்பட்ட ஒரு புரோகிராமில் பிழை இருந்தால், இயக்கிய யாரும் ரூட் ஆகிவிடலாம். பல லினக்ஸ் சிஸ்டங்களில் இருக்கும் பிகேஎக்ஸெக் என்ற சிறு புரோகிராமில் 2009 முதல் இருந்த ஒரு பிழை 2022 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. அத்தனை வருடமும் எந்தச் சாதாரணக் கணக்கிலிருந்தும் ரூட் ஆகும் வழி திறந்தே கிடந்தது. அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இந்த மாதிரி விஷயங்கள்தான்.

சூடோ: அதிகாரம் ஒரு கமாண்டுக்கு மட்டும்

1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் சூடோ என்ற புரோகிராமை எழுதினார்கள். ரூட் பாஸ்வேர்டைப் பலருக்கும் சொல்லிவைப்பதற்குப் பதிலாக, யார் யார் எந்தக் கமாண்டை ரூட்டாக இயக்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதி வைப்பது. பட்டியலில் இருப்பவர் கமாண்டுக்கு முன்னால் சூடோ என்று சேர்த்து அடிக்கலாம். அது கேட்பது பொதுவாக உங்கள் சொந்த பாஸ்வேர்டைத்தான்; ரூட்டுடையதை இல்லை. சரியாக இருந்தால் அந்த ஒரு கமாண்டு மட்டும் 0 என்ற எண்ணோடு ஓடி முடியும். யார், எப்போது, என்ன செய்தார் என்பதும் லாகில் பதிவாகும். 2004இல் வந்த முதல் உபுண்டுவிலிருந்தே ரூட் கணக்கில் நேராக நுழைவதை மூடிவைத்துவிட்டு, சூடோவையே வழக்கமாக்கினார்கள். சூடோவும் செட்யுஐடி புரோகிராம்தான், வேறு மாயம் எதுவும் அதில் இல்லை.

சூடோ பற்றிப் புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டால் இந்த முழு விஷயமும் கைக்குள் வந்துவிடும். ரூட்டுக்குச் சொந்தமான ஒரு செட்டிங் ஃபைலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கொடுத்த வரியை அப்படியே வெளியிடும் கமாண்டு எக்கோ. சூடோ எக்கோ என்று போட்டு, அந்த வரியை எழுதி, இரட்டை அம்புக்குறி (>>) போட்டு ஃபைல் பெயரைக் கொடுக்கிறார்கள். அனுமதி இல்லை என்று வருகிறது. சூடோ போட்டேனே! போட்டீர்கள்தான், ஆனால் எக்கோவுக்குப் போட்டீர்கள். அம்புக்குறிக்கு வலப்பக்கம் உள்ள ஃபைலைத் திறப்பது எக்கோ இல்லை; நீங்கள் அடிக்கும் கமாண்டுகளை வாங்கி இயக்கும், உங்கள் டெர்மினலில் ஓடும் ஷெல். அதன் எண் இன்னும் 1000. ரூட் அதிகாரம் கேட்டது எக்கோவுக்கு, ஃபைலைத் திறக்கும் ஷெல்லுக்கு இல்லை. அந்த வரியை டீ என்ற கமாண்டுக்கு அனுப்பி, டீக்கு முன்னால் சூடோவும் பின்னால் -a என்ற குறியும் போட்டால் எழுதிவிடும் (-a இல்லாவிட்டால் ஃபைலில் முன்பு இருந்தது அழிந்துவிடும்). அப்போது ஃபைலைத் திறப்பது டீ.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் வரும். தேவையில்லாத இடத்தில் சூடோ போட்டு ஒரு எடிட்டரையோ இன்ஸ்டாலரையோ இயக்கினால், அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் உருவாக்கும் ஃபைல்கள் ரூட்டின் பெயரில் பிறக்கும். அடுத்த நாள் அதே புரோகிராமைச் சாதாரணமாகத் திறந்தால், தன் செட்டிங்கைச் சேமிக்க முடியாமல் முரண்டு பிடிக்கும். உடனே அதற்கும் சூடோ, அதற்கடுத்ததற்கும் சூடோ என்று போய்க்கொண்டே இருக்கும். செய்ய வேண்டியது ஒன்றே: சிஎச்ஓன் மூலம் அந்த ஃபைல்களை மட்டும் உங்கள் பெயருக்குத் திருப்பிவிடுவது.

777 பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். எந்த அனுமதிச் சிக்கலுக்கும் 'எல்லாவற்றுக்கும் 777 போடு' என்று யாராவது சொல்வார்கள். போட்டால் பிழைச் செய்தி மறையும், உண்மைதான். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் எல்லாச் சேவைகளும், யாருடைய எண்ணில் ஓடினாலும், உங்கள் ஃபைலைத் திருத்தலாம் என்ற நிலையும் கூடவே வரும். வெப் சர்வரில் ஒரு சிறு ஓட்டை இருந்தால் போதும், உங்கள் பக்கத்தையே மாற்றி எழுதிவிடலாம். சில புரோகிராம்கள் இதை ஏற்கவே மாட்டா. வேறு கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச், தன் ரகசியச் சாவி ஃபைலை மற்றவர்களும் படிக்க முடிகிறது என்று கண்டால் அந்தச் சாவியைப் பயன்படுத்த மறுக்கும். சூடோவின் பட்டியலை யாரும் எழுதலாம் என்று ஆக்கிவிட்டால் சூடோவே வேலை செய்யாது. அப்போது 777ஐத் திரும்ப எடுக்கவும் சூடோ உதவாது. யாருக்கும் இதைப் பரிந்துரைக்காதீர்கள், தற்காலிகமாக என்றுகூட.

விண்டோஸில்

விண்டோஸ் 95, 98 காலத்து ஃபேட் வகை டிஸ்க்குகளில் உரிமையாளர் என்ற தகவலுக்கே இடமில்லை. 1993இல் வந்த விண்டோஸ் என்டியும் அதன் என்டிஎஃப்எஸ் டிஸ்க் அமைப்பும்தான் இதைக் கொண்டுவந்தன. இன்றைய விண்டோஸ் எல்லாம் அந்தக் குடும்பம். அங்கே சின்ன எண்ணுக்குப் பதில் எஸ்ஐடி என்ற நீளமான அடையாளம். ஒன்பது ஆம்-இல்லைகளுக்குப் பதில் ஒரு பட்டியல்: இவருக்கு இது உண்டு, இந்தக் குழுவுக்கு இது கிடையாது என்று பல வரிகளைச் சேர்க்கலாம். அதிகம் சொல்ல முடிகிறது. ஆனால் குழம்பவும் அதிகம் வாய்ப்பு. பொதுவாக ஒரு ஃபோல்டருக்குக் கொடுத்த வரிகள் உள்ளே இருப்பவற்றுக்கும் தானாக இறங்கும். ஒரே மட்டத்தில் 'கூடாது' என்ற வரியும் 'கூடும்' என்ற வரியும் மோதினால் 'கூடாது' ஜெயிக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த வசதி எல்லாம் இருந்தும், வீடுகளில் கிட்டத்தட்ட எல்லோரும் அட்மின் கணக்கிலேயே இருந்தார்கள். வைரஸ்களுக்கு அதைவிடச் சௌகரியம் வேண்டியதில்லை. 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு, அட்மின் அதிகாரம் தருவதற்கு முன் உங்களைக் கேட்கும் யுஏசி என்ற ஏற்பாடு வந்தது. அட்மினாக லாகின் செய்தாலும் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு அடையாளச் சீட்டுகள் தயாரிக்கும்: ஒன்று முழு அதிகாரத்தோடு, இன்னொன்று அதிகாரம் உருவப்பட்டது. உங்கள் புரோகிராம்கள் எல்லாம் இரண்டாவதோடுதான் ஓடும். முழு அதிகாரம் தேவைப்படும்போது திரை மங்கி 'ஆம், இல்லை' பெட்டி வருகிறதே, அப்போதுதான் அந்த ஒரு புரோகிராமுக்கு முதல் சீட்டு கிடைக்கும். திரை மங்குவது அலங்காரத்துக்காக இல்லை. மற்றப் புரோகிராம்கள் உங்களுக்குப் பதிலாக 'ஆம்' அழுத்திவிடாதபடி தனித் திரைக்கு மாறுகிறது. நீங்கள் எதையும் நிறுவாதபோது அந்தப் பெட்டி தானாக வந்தால், 'இல்லை' அழுத்திவிட்டு எந்தப் புரோகிராம் கேட்டது என்று பாருங்கள்.

'நான்தான் அட்மின், ஆனாலும் இந்த சிஸ்டம் ஃபைலை அழிக்க முடியவில்லை' என்பதற்கும் பதில் இங்கே இருக்கிறது. விஸ்டா முதல் விண்டோஸின் முக்கியமான ஃபைல்கள் பலவற்றின் உரிமையாளர் நீங்களும் இல்லை, அட்மின் குழுவும் இல்லை. டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற சேவை. அட்மின் நினைத்தால் உரிமையைத் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டு, பிறகு அனுமதியை மாற்றலாம். இரண்டு படிகள் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். ஆப்பிளும் 2015இல் வந்த எல் கேப்பிட்டன் முதல் மேக்கின் சிஸ்டம் ஃபோல்டர்களை ரூட்டே மாற்ற முடியாதபடி செய்துவிட்டது.

வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கும், புரோகிராம் நிறுவ மட்டும் தனியாக ஒரு அட்மின் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் கட்டாயம்.

டிஸ்க்கைக் கழற்றினால்

பழைய லேப்டாப் பழுதாகி, அதன் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் உங்கள் ஃபோல்டருக்கே அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொல்லும். ஃபைல்களில் எழுதியிருப்பது பழைய கம்ப்யூட்டரின் எஸ்ஐடி. புதியதில் அந்த அடையாளத்தில் யாரும் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் பயனில்லை. அட்மின் அதிகாரத்தோடு உரிமையை எடுத்துக்கொண்டால் திறந்துவிடும். லினக்ஸில் இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும்: யாரோ ஒருவருடைய டிஸ்க்கை மாட்டுகிறீர்கள், அவருடைய ஃபைல்கள் எல்லாம் உங்களுடையவை என்று காட்டும். அங்கே அவர் 1000, இங்கே நீங்கள் 1000.

ஃபேட் வகையில் இருக்கும் பென்டிரைவ்களில் உரிமையாளர் தகவலே போகாது. அதில் ஃபைல்களை நகலெடுத்துத் திரும்பக் கொண்டுவந்தால், முன்பு போட்டிருந்த அனுமதிகள் எல்லாம் காணாமல் போயிருக்கும்.

ஆகவே அனுமதிகள் பாதுகாப்பது, அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான். டிஸ்க் அடுத்தவர் கைக்குப் போனால் அவருடைய கம்ப்யூட்டரில் அவரே அட்மின். அந்த ஆபத்துக்கு மருந்து வேறு: விண்டோஸில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ் போன்று டிஸ்க்கையே மறைகுறியாக்குவது. லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது இது நினைவிருக்கட்டும். கணக்குக்கு பாஸ்வேர்டு போட்டிருப்பது மட்டும் போதாது.

கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் இதே யூனிக்ஸ் எண்கள்தான், ஆனால் புத்திசாலித்தனமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பயனருக்கு ஓர் எண் என்பதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆப்புக்கும் ஓர் எண், 10000 முதல் தொடங்கி. உங்கள் பேங்க் ஆப்பின் ஃபைல்களை அதே போனில் இருக்கும் ஒரு கேம் ஆப் படிக்க முடியாததற்குக் காரணம், அவை கெர்னலின் பார்வையில் இரண்டு வேறு பயனர்கள். போனை 'ரூட்' செய்வது என்றால் அங்கே 0 என்ற எண்ணுக்கு ஒரு வழி திறப்பது. எந்த ஆப்புக்கு அந்த வழி கிடைக்கிறதோ அதற்கு இந்தச் சுவர்கள் எதுவும் இருக்காது.

பிழைச் செய்தி வரும்போது

அடுத்த முறை அனுமதி இல்லை என்று வந்தால், சூடோவுக்கோ 'ஆம்' பட்டனுக்கோ கை போவதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். கேட்கும் புரோகிராம் எந்த எண்ணில் ஓடுகிறது? நீங்கள் தொடங்கியதா, பின்னணியில் ஓடும் சேவையா? லினக்ஸில் ஐடி என்ற கமாண்டு உங்கள் எண்ணையும் நீங்கள் இருக்கும் குழுக்களையும் காட்டும். புதிதாக ஒரு குழுவில் சேர்ந்திருந்தால், வெளியேறி மறுபடி லாகின் செய்யும்வரை அது ஏறாது. எண்கள் ஒட்டப்படுவது லாகினின்போதுதானே. அப்புறம் ஃபைலின் உரிமையாளர், குழு, ஒன்பது அனுமதிகள். அவை சரியாக இருந்தால் மேலே உள்ள ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நேம்ஐ என்ற கமாண்டு வழி முழுவதையும் ஒரே பட்டியலாகக் காட்டிவிடும். பெரும்பாலும் எங்கோ நடுவில் ஒரு ஃபோல்டரில் 'நுழைய' என்ற ஓர் அனுமதி மட்டும் விடுபட்டிருக்கும். சேவை ஓடும் குழுவுக்கு அந்த ஒன்றைக் கொடுத்தால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்.